பிளேஸ்மென்ட் கோப்பில் அந்த நான்கு எழுத்து வேண்டாம்: கொங்குக் கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் பிளேஸ்மென்ட் அலுவலர்களுக்கும்,

வணக்கம். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் மாவட்டங்களில் கல்லூரி நடத்துகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நானும் இந்தப் பகுதிதான். உளவியல் கற்பிக்கிறேன். மாணவர்களுக்கு ஆலோசனை சொல்வதும் என் வேலையில் ஒரு பகுதி.

இறுதியாண்டு தொடங்கியதும் பயிற்சி நிறுவனத்தார் கல்லூரிக்குள் வருகிறார்கள். ஆங்கிலத்தில் பேசுவது, குழு விவாதம், நேர்காணலில் எப்படி உட்காருவது என்று சொல்லித் தருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் அதோடு சேர்த்து ஓர் ஆளுமைத் தேர்வும் வைத்துவிடுகிறார்கள். அரை மணி நேரம் டிக் அடித்தால் சாயங்காலத்துக்குள் ஒரு பிரிண்ட் அவுட் கைக்கு வருகிறது. மேலே INFP, ESTJ என்கிற மாதிரி நான்கு ஆங்கில எழுத்து. மையர்ஸ்-பிரிக்ஸ் (MBTI) வகைத் தேர்வு அது. கீழே, நீ இன்ன வகை, இன்ன வேலை உனக்குப் பொருந்தும், இன்னது பொருந்தாது என்று இரண்டு பக்கம். மாணவர்கள் அதைப் போனில் படம் பிடித்து அனுப்பி விளையாடுவதோடு நின்றால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். சில கல்லூரிகளில் அந்தத் தாள் பிளேஸ்மென்ட் கோப்புக்குள் போகிறது. மார்க்கெட்டிங் வேலைக்கு ஆள் எடுக்க ஒரு கம்பெனி வந்தால் யாரை அனுப்புவது, யாரை நிறுத்திவைப்பது என்பதை அந்த எழுத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். என்னிடம் வந்து அழுத பிள்ளைகள் உண்டு. இந்த வழக்கத்தை இந்த ஆண்டே நிறுத்துங்கள் என்று கேட்கிறேன்.

ஆளுமையை அளக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. அளக்கலாம். அதற்காக உளவியலில் நூறு வருடத்துக்கு மேல் உழைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதை இருக்கிறது. அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு ஏதோ ஒன்றை எங்கள் பிள்ளைகளின் தலையில் கட்டுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆகவே எது அளவை, எது அளவை இல்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

மனிதர்களை வகைவகையாகப் பிரிக்கும் ஆசை பழையது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் காலன் என்ற கிரேக்க மருத்துவர் உடம்பில் ஓடும் நான்கு நீர்களில் எது மிஞ்சுகிறதோ அதுவே குணம் என்ற பழைய கருத்தை விரிவாக்கினார். குருதி மிஞ்சினால் உற்சாகம், மஞ்சள் பித்தம் மிஞ்சினால் கோபம், கரும்பித்தம் மிஞ்சினால் சோகம், கோழை மிஞ்சினால் மந்தம். பல நூற்றாண்டு அது ஓடியது. இன்றைய நான்கு எழுத்துத் தேர்வும் அந்த ஆசையின் வழியில் வந்ததுதான்.

அறிவியல் வேறு பக்கமாகப் போனது. மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் வாழும்போது எந்தக் குணவேறுபாடு முக்கியமாகப் படுகிறதோ, அதற்கு மொழியில் சொல் இருக்கும் என்று 1884-லேயே பிரான்சிஸ் கால்டன் யோசித்தார். நம் பக்கத்தில் ஒருவரைப் பற்றி விசாரித்தால் கறாரானவர், வெள்ளந்தி, கமுக்கமான ஆள், வெடுக்கென்று பேசுவார், கைதாராளம் என்று வரிசையாகச் சொல்கிறோம் அல்லவா, அந்த மாதிரிச் சொற்கள். 1936-இல் கார்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பர்ட்டும் ஓர் ஆங்கில அகராதியை அலசி, மனிதரை வருணிக்கும் சொற்களாக ஏறத்தாழ 18,000 சொற்களை எடுத்தார்கள். அவற்றில் நிலையான குணத்தைக் குறிப்பவை மட்டும் சுமார் 4,500. ரேமண்ட் கேட்டல் அந்தக் குவியலைச் சுருக்கினார். எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேர்ந்தே வருகிறது என்று கணிதத்தால் கண்டுபிடிக்கும் முறை அவருக்குக் கைகொடுத்தது. காரணிப் பகுப்பாய்வு என்று அதைச் சொல்கிறோம். அப்படிச் சேர்ந்து வரும் தொகுப்புகள், அதாவது காரணிகள், 16 என்றார் அவர். இரண்டு மூன்று பெரிய அச்சே போதும் என்றார் ஹான்ஸ் ஐசென்க். 1961-இல் அமெரிக்க விமானப் படையில் வேலை பார்த்த டியூப்ஸ், கிறிஸ்டல் இருவரும் வெவ்வேறு கூட்டத்தாரின் தரவை அலசியபோது திரும்பத் திரும்ப ஐந்து காரணிகள் தலைகாட்டின. 1980-களில் லூயிஸ் கோல்ட்பெர்க், பால் கோஸ்டா, ராபர்ட் மெக்ரே ஆகியோரின் வேலையால் அந்த ஐந்தும் துறையில் காலூன்றின. புதியதை ஏற்கும் மனம், பொறுப்புணர்வு, வெளிமுகத்தன்மை, இணக்கம், மனக்கலக்கம். பிறகு ஆஷ்டன், லீ என்ற இருவர் நேர்மையும் பணிவும் சேர்ந்த ஆறாவது ஒன்றும் வேண்டும் என்றார்கள். அந்த விவாதம் இன்னும் தீரவில்லை. ஒரு துறை உயிரோடு இருந்தால் அப்படித்தான் இருக்கும்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த ஐந்தில் எதுவும் பெட்டி கிடையாது. ஒவ்வொன்றும் ஓர் அளவுகோல். அதில் பெரும்பாலானோர் நடுவில் இருப்பார்கள், இரண்டு கோடியிலும் கொஞ்சம் பேரே இருப்பார்கள். ஒரு வகுப்பில் ஐந்தரை அடியில் கோடு கிழித்து, அதற்கு மேலே இருப்பவர் எல்லாம் 'நெட்டை', கீழே இருப்பவர் எல்லாம் 'குட்டை' என்று இரண்டே பெயர் வைத்தால் என்ன ஆகும்? கோட்டுக்கு அந்தப் பக்கம் அரை அங்குலம், இந்தப் பக்கம் அரை அங்குலம் என்று நிற்கும் இருவர் எதிரெதிர்ச் சாதியாகிவிடுவார்கள். ஐந்தரையைத் தாண்டியவனும் ஆறே கால் அடிக்காரனும் ஒரே இனமாகிவிடுவார்கள். நான்கு எழுத்துத் தேர்வு செய்வது இதைத்தான், அதுவும் நான்கு தடவை. அதிகம் பேர் நிற்கிற இடத்திலேயே கோடு விழுவதால், ஒரே ஆள் சில வாரம் கழித்து அதே தேர்வை எழுதினால் ஏதாவது ஓர் எழுத்து மாறிவிடுகிறது. ஐந்து வாரம் கழித்து மறுபடி சோதித்த ஆய்வுகளில் பாதிப் பேர் வரைக்கும் வேறு வகைக்குள் போய் விழுந்திருக்கிறார்கள். ஜூலையில் ஒரு வகை, செப்டம்பரில் வேறு வகை என்று மாறுகிற ஒன்றை வைத்து ஒரு பெண்ணின் முதல் வேலையை எப்படித் தீர்மானிப்பது?

அந்தத் தேர்வை உருவாக்கிய கேதரின் பிரிக்ஸ், அவருடைய மகள் இசபெல் மையர்ஸ் இருவரும் நல்ல எண்ணத்தோடு உழைத்தவர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் முதல் முதலாக வேலைக்குப் போகும் பெண்கள் தங்களுக்கு ஏற்ற வேலையைத் தெரிந்துகொள்ள உதவும் என்று நம்பினார்கள். 1921-இல் வந்த கார்ல் யுங்கின் கருத்துகள்தாம் அவர்களுக்கு அடிப்படை. யுங்கோ, ஆட்களைப் பார்த்ததும் வகை சொல்லி ஒட்டுவதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று பிற்பாடு எழுதினார். இன்று அந்தத் தேர்வை விற்கும் நிறுவனமே ஆள் எடுப்பதற்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. செய்தவரே வேண்டாம் என்று சொல்லும் வேலைக்கு நாம் அதை வைத்திருக்கிறோம். அதுவும் பெரும்பாலும் அசல் தேர்வுகூட இல்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஏதோ ஒரு நகலை எடுத்து, பயிற்சி நிறுவனத்தின் லோகோவை ஒட்டிக் கொடுக்கிறார்கள்.

"ஆனால் மேடம், அப்படியே என்னைப் பத்தி எழுதியிருக்குதுங்க" என்று மாணவர்கள் சொல்வார்கள். உங்களில் பலரும் அதையே சொல்லக்கூடும். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் 'உன் ஆளுமை விவரம்' என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வரிகளைக் கடைத்தெருவில் விற்கும் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். வெளியே தெம்பாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் உங்களுக்குக் கவலை உண்டு, உங்கள் திறமை இன்னும் முழுதாக வெளிப்படவில்லை என்கிற மாதிரி வரிகள். யாருக்குத்தான் பொருந்தாது? என் வகுப்பிலும் இதைச் செய்து காட்டுவதுண்டு. முதலில் முகம் மலர்ந்து படிப்பார்கள். பக்கத்து இருக்கைக்காரரின் தாளை வாங்கிப் பார்க்கச் சொன்னதும் வகுப்பே அமைதியாகிவிடும். பொருந்துகிறது என்று தோன்றுவது வேறு, சரியாக அளந்திருக்கிறது என்பது வேறு. பயிற்சி நிறுவனத்தார் கூட்டத்தில் எழுந்து மாணவர்களின் பாராட்டைச் சான்றாகக் காட்டும்போது இதை நினைவில் வையுங்கள்.

சரி, பெட்டிகளை விட்டுவிட்டு நல்ல அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். அதை வைத்து ஒரு பிள்ளை நாளை என்ன செய்வான் என்று சொல்லிவிட முடியுமா? இந்தக் கேள்வியில்தான் எங்கள் துறை பல வருடம் சண்டை போட்டது.

1920-களின் பிற்பகுதியில் ஹியூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே இருவரும் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளின் நேர்மையைச் சோதித்தார்கள். தேர்வில் காப்பியடிக்க வாய்ப்பு, விளையாட்டில் ஏமாற்ற வாய்ப்பு, காசு எடுக்க வாய்ப்பு, பொய் சொல்ல வாய்ப்பு என்று வெவ்வேறு சூழல்களை அமைத்தார்கள். தேர்வில் காப்பியடித்த பிள்ளை மற்ற இடங்களிலும் ஏமாற்றும் என்று சொல்லிவிட முடியவில்லை. ஒரு சூழலுக்கும் இன்னொரு சூழலுக்கும் தொடர்பு இருந்தது, ஆனால் மெலிதாக இருந்தது. 1968-இல் வால்டர் மிஷல் இன்னும் அழுத்திச் சொன்னார். ஆளுமைத் தேர்வின் மதிப்பெண்ணுக்கும் ஒரு குறிப்பிட்ட சூழலில் அந்த ஆள் நடந்துகொள்வதற்கும் உள்ள இணைப்பு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம்) பெரும்பாலும் 0.3-ஐத் தாண்டுவதில்லை என்றார். ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்கைக்கூட அது விளக்காது.

அதற்காக ஆளுமை என்று ஒன்று இல்லவே இல்லை என்று ஆகிவிடாது. 1979-இல் சீமோர் எப்ஸ்டைன் அதைக் காட்டினார். ஒரு நாள் நடத்தையை இன்னொரு நாள் நடத்தையோடு ஒப்பிட்டால் பொருத்தம் குறைவு. பல நாள் சராசரியை வேறு பல நாள் சராசரியோடு வைத்துப் பார்த்தால் பொருத்தம் நன்றாகவே இருக்கிறது. 2001-இல் வில்லியம் ஃப்ளீசன், கல்லூரி மாணவர்களை நாளுக்குப் பல தடவை தங்கள் நடத்தையைக் குறித்துவைக்கச் சொன்னார். கூச்ச சுபாவி என்று பெயரெடுத்தவரும் ஒரு வாரத்துக்குள் கலகலவென்று பேசிய நேரங்கள் இருந்தன. கலகலப்பானவர் ஒதுங்கி உட்கார்ந்த நேரங்களும் இருந்தன. சராசரி மட்டும் ஆளுக்கு ஆள் நிலையாக வேறுபட்டது. ஆக, ஆளுமை என்பது ஒருவர் நீண்ட நாள் போக்கில் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதைச் சொல்லும். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு கம்பெனிக்காரர் முன்னால் உட்காரும்போது எப்படி இருப்பார் என்பதைச் சொல்லாது.

அந்தியூர்ப் பக்கத்து மாணவர் ஒருவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். குடும்பத்தில் முதலில் கல்லூரிக்கு வந்தவர். எதைக் கேட்டாலும் "சரிங்க", "ஆமாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பெரியவர்கள் முன்னால் அளவாகப் பேச வேண்டும் என்று வளர்த்திருக்கிறார்கள். தேர்வு அவரை ஒதுங்கும் வகை என்றது. விற்பனை சார்ந்த வேலைக்கு அவர் பெயரைக் கொடுக்கவில்லை. இதே பையன் ஆடியில் குருநாதசாமி கோயில் மாட்டுச் சந்தைக்கு அப்பாவோடு போய், துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசி, ஏமாறாமல் மாடு பிடித்துவருகிறவர். கன்றின் சுழி பார்க்கவும், தரகரின் முகம் படிக்கவும், எங்கே பேச்சை நிறுத்தி எழுந்து நடக்க வேண்டும் என்றும் தெரிந்தவர். ஒரு பின்னலாடைக் கம்பெனிக்கு நூல் வாங்கப் பேரம் பேச இதைவிடத் தேர்ந்த ஆளை எங்கே போய்த் தேடுவது? கல்லூரி அவரை ஒரே சூழலில் மட்டும் பார்த்தது. அந்தச் சூழலில் அவர் காட்டியது மரியாதை. தாளில் அது கூச்சம் என்று பதிவானது.

வயதையும் பார்க்க வேண்டும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நாமே பழகிப்போய்ச் சொல்லிவிடுகிறோம். இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் ஆளுமை வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி மரபணு சார்ந்தது என்று தெரிகிறது, உண்மைதான். ஆனால் மீதிப் பாதி இருக்கிறது. பிரென்ட் ராபர்ட்ஸ், வெண்டி டெல்வெக்கியோ இருவரும் 152 நெடுநாள் ஆய்வுகளைத் தொகுத்து 2000-இல் வெளியிட்டார்கள். சில வருட இடைவெளியில் ஒருவரின் குணம் மற்றவர்களோடு ஒப்பிட அதே இடத்தில் நிற்கிறதா என்பதே கேள்வி. கல்லூரி வயதில் அந்த நிலைப்புத்தன்மை 0.54. முப்பது வயதில் 0.64. ஐம்பதைத் தாண்டிய பிறகு 0.74 அளவுக்குப் போகிறது. அதாவது உங்கள் வளாகத்தில் இருக்கும் வயதில் குணம் இன்னும் கெட்டிப்படவில்லை. இருபதிலிருந்து நாற்பதுக்குள் பொறுப்புணர்வு பொதுவாகக் கூடுகிறது, மனக்கலக்கம் தணிகிறது என்றும் ராபர்ட்ஸ் குழுவே 2006-இல் காட்டியது. அந்த மாற்றத்துக்கு முதல் வேலையே ஒரு காரணம் என்று கருதுகிற ஆய்வாளர்கள் பலர். பொறுப்பைக் கொடுத்தால் பொறுப்பு வளரும் என்பதை விசைத்தறிக் கூடத்திலும் கோழிப்பண்ணையிலும் இருபது வயதில் கணக்கு நோட்டை வாங்கிக்கொண்ட பிள்ளைகளிடம் நாமே பார்த்திருக்கிறோம். வேலையால் உருவாக வேண்டிய குணம் இன்னும் உருவாகவில்லை என்று காட்டி வேலைக்கான கதவை மூடுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

கேள்வித்தாள் எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். விருந்துகளில் என்னால்தான் கலகலப்பு, முன்பின் தெரியாதவர்களோடு சகஜமாகப் பேச்சைத் தொடங்குவேன், இப்படிக் கேட்கிறார்கள். ஊர்க் கல்யாணத்தில் பந்தி பரிமாறுவதில் முன்னால் நிற்கும் பெண், தெரியாத ஆண்களோடு பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவளாக இருப்பாள். அவள் எதை டிக் அடிப்பாள்? ஐந்து காரணிகள் பல நாட்டுக் கல்லூரி மாணவர்களிடம் ஓரளவு அதே மாதிரி வெளிப்படுகின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் பொலிவியாவில் காட்டை ஒட்டி விவசாயமும் வேட்டையும் செய்து வாழும் சிமானே மக்களிடம் மைக்கேல் கர்வன் குழு சோதித்தபோது (2013) அந்த ஐந்து கிடைக்கவில்லை. பிறரோடு இணங்கிப் பழகுவது, உழைப்பு என்று இரண்டு பெரிய தொகுப்பாகத்தான் வந்தது. 2019-இல் ரஷீத் லாஜாஜ் முதலியோர், குறைந்த, நடுத்தர வருமானமுள்ள 23 நாடுகளில் நேரில் கேட்டு எடுத்த தரவுகளைப் பார்த்தார்கள். வழக்கமான கேள்விகள் அளக்க வேண்டிய குணத்தை அங்கே சரியாக அளக்கவில்லை. ஒரு காரணம், கேட்பவர் முன்னால் எதற்கும் ஆமாம் போடும் வழக்கம். அதே நாடுகளில் தாமாக இணையத்தில் வந்து பதில் சொன்னவர்களிடம் இந்தச் சிக்கல் குறைவு. எனவே கோவை நகரப் பள்ளியில் ஆங்கில வழியில் படித்து வந்தவருக்கும், தாளவாடி மலையிலிருந்து தமிழ் வழியில் படித்து வந்தவருக்கும் ஒரே ஆங்கிலக் கேள்வித்தாளைக் கொடுத்து ஒரே பட்டியலில் வரிசைப்படுத்தினால், குணத்தை அளந்ததாக ஆகாது. யார் எந்த வீட்டிலிருந்து வந்தார் என்பதை அளந்து, அதற்குக் குணம் என்று பெயர் வைத்ததாகத்தான் ஆகும்.

ஆளுமைக்கும் வேலைத்திறனுக்கும் தொடர்பு உண்டே என்று உங்கள் பிளேஸ்மென்ட் அலுவலர் கேட்கலாம். உண்டு. 1991-இல் மரி பேரிக், மைக்கேல் மவுண்ட் இருவரும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பொறுப்புணர்வு மட்டும் எல்லா வகை வேலையிலும் திறனோடு தொடர்புடையது என்று காட்டினார்கள். ஆனால் இணைப்பு 0.2-ஐ ஒட்டித்தான். வேலைத்திறனில் ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு. ஆயிரக்கணக்கானோரைச் சேர்க்கும் பெரிய நிறுவனத்துக்கு அது கொஞ்சம் உதவலாம். ஒரு தனிப்பட்ட மாணவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல உதவாது. அதோடு, வேலை கிடைக்குமா என்ற பயத்தில் எழுதும் தேர்வில் 'நான் வேலையைத் தள்ளிப்போடுவேன்' என்ற வரிக்கு யார் ஆமாம் போடுவார்கள்? உள்ளதைச் சொல்லும் பிள்ளைக்குத்தான் அடி விழும்.

விரல் ரேகையைப் பற்றி ஒரு வார்த்தை. பத்து விரலையும் ஸ்கேன் செய்து பிள்ளையின் ஆளுமை, புத்தி வகை, படிக்க வேண்டிய படிப்பு எல்லாம் சொல்வதாகப் பணம் வாங்குகிறவர்கள் நம் ஊர்ப் பள்ளிகளுக்குள்ளும் நுழைந்திருக்கிறார்கள். உங்களில் பலர் பள்ளியும் நடத்துகிறீர்கள். ரேகை தாயின் வயிற்றிலேயே உருவாகி முடிந்துவிடுகிறது. அதைப் பார்த்து ஆளுமையைச் சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது. இந்திய மனநல மருத்துவர் சங்கமே அறிவியல் அடிப்படை அற்றது என்று சொல்லிவிட்டது. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எதுவும் இல்லை. வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

அப்புறம் ஆளை எப்படித்தான் தெரிந்துகொள்வது என்றால், அது இந்த மண்ணுக்குத் தெரியாத விஷயம் இல்லை. திருப்பூரில் தையல்காரரை எடுக்கும்போது மெஷினில் உட்காரவைத்துத் தைக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். வேலை மாதிரியைச் செய்யச் சொல்லிப் பார்ப்பது ஆள்தேர்வில் நல்ல முறை என்று ஆய்வுகளும் சொல்கின்றன. விற்பனை வேலையா, ஒரு பொருளைக் கொடுத்து மாணவரைப் பேசச் சொல்லுங்கள், தமிழில் பேசட்டும். தரக்கட்டுப்பாட்டு வேலையா, பத்துத் துணியைக் கொடுத்துக் குறை கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நேர்காணல் என்றால் எல்லோருக்கும் ஒரே கேள்விகள், முன்கூட்டியே எழுதிவைத்த மதிப்பெண் முறை, இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பிடுவது. போகிற போக்கில் பேசிப் பார்த்து எடுப்பதைவிட இந்த முறை ஆளை நன்றாகக் கணிக்கிறது. மூன்று வருடம் அந்தப் பிள்ளையைப் பல சூழலில் பார்த்த ஆசிரியர்கள் உங்களிடமே இருக்கிறார்கள். கல்லூரி விழாவில் ஓடியாடி வேலை செய்தது யார், ஆய்வகத்தில் உடைந்த கருவியை யாரும் கேட்காமலே சரிசெய்தது யார், விடுதியில் சண்டை வந்தால் எல்லோரும் யாரைத் தேடிப் போகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். எப்ஸ்டைன் சொன்ன பல நாள் சராசரி அவர்கள் கையில் இருக்கிறது. அவர்களைக் கேளுங்கள்.

ஆளுமை அளவைகளை முழுதாக ஒதுக்கவும் வேண்டாம். மாணவர் தன்னைப் பற்றி யோசிக்க, அவர் விரும்பினால், ஆலோசனை அறைக்குள் அவற்றைப் பயன்படுத்தலாம். கோல்ட்பெர்க் தொடங்கிவைத்த கேள்வித் தொகுப்பு யாரும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று பொதுவில் இருக்கிறது. அதைத் தமிழில் நம் மாணவர்களிடமே சோதித்துப் பார்த்துச் செப்பனிடும் வேலையைச் செய்ய இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். பாரதியார் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை உண்டு, கல்லூரிகள் பலவற்றிலும் உண்டு. நீங்கள் பயிற்சி நிறுவனத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கினால் கொங்கு வட்டாரப் பிள்ளைகளுக்கென்று நம்பத்தகுந்த ஓர் அளவை உருவாகும். அதில் நான் கூலி வாங்காமல் உழைக்கத் தயார். என் மாணவிகள் பலரும் வருவார்கள்.

அதுவரை, அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் பயிற்சி நிறுவனத்தாரிடம் சில கேள்விகள் கேளுங்கள். இந்தத் தேர்வை யார் உருவாக்கினார்கள்? ஒரே ஆள் இரண்டாவது தடவை எழுதினால் முடிவு எவ்வளவு ஒத்துப்போகிறது? தமிழ் வழியில் படித்தவர்களிடம் சோதித்துப் பார்த்தீர்களா? முடிவை விளக்குபவர் உளவியலில் முறையாகப் பயின்றவரா? மாணவரின் பதில்கள் யாருடைய கணினியில் தங்கும், எத்தனை நாள் தங்கும்? கடைசிக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தனிநபர் தரவைக் காக்க 2023-இல் நாட்டில் சட்டமே வந்திருக்கிறது. எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி, சம்மதம் பெற்று வாங்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. வகுப்பில் உட்காரவைத்து எல்லோரும் எழுதுங்கள் என்று சொல்வதைச் சம்மதம் என்று யாரும் ஏற்க மாட்டார்கள். இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தர மறுத்தால், அந்தத் தேர்வை ஒப்பந்தத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். பேச்சுப் பயிற்சியும் கணக்குப் பயிற்சியும் தொடரட்டும்.

ஏற்கெனவே எடுத்த தாள்கள் உங்கள் பிளேஸ்மென்ட் அறை அலமாரியிலும் கணினியிலும் இருக்கும். இந்தப் பருவத்தில் முதல் கம்பெனி வளாகத்துக்குள் வருவதற்கு முன் அவற்றைக் கோப்பிலிருந்து எடுத்து அந்தந்த மாணவரிடமே கொடுத்துவிடுங்கள், கணினியிலிருந்து அழித்துவிடுங்கள். அந்த எழுத்தைக் காரணம் காட்டிப் பெயர் விடுபட்டவர்கள் யார் என்று பட்டியல் எடுத்து, அவர்களை மறுபடியும் சேருங்கள்.

இப்படிக்கு,
ஈரோடு மாவட்டத்திலிருந்து ஓர் உளவியல் ஆசிரியை